கிணற்றில் பெட்ரோல் வாடை: தரைக்கடியில் எப்படித் தேடுகிறார்கள்?

பொங்கல் முடிந்த வாரம். வடகிழக்குப் பருவமழை அந்த ஆண்டு நன்றாகவே பெய்திருந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், பெட்ரோல் பங்கிலிருந்து நான்கு வீடு தள்ளி இருந்த உறைகிணற்றைப் பார்க்கப் போயிருந்தோம். நிலத்தடி நீர் ஆய்வுக் குழுவில் அப்போது நான்தான் இளையவன். பெட்டி தூக்குவதும் குறிப்பேட்டில் எழுதுவதும் என் வேலை. அந்த வீட்டு அம்மாள் ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு நீட்டினார்.

"தம்பி, போன சித்திரையில் இந்தத் தண்ணீரில் சோறு வடிக்க முடியவில்லை. அப்படி ஒரு மண்ணெண்ணெய் வாடை. இப்போது பாருங்கள், ஒன்றுமே தெரியவில்லை."

முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லைதான். டிசம்பரிலேயே யாரோ வந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், குடிக்கத் தகுந்தது என்று ஒரு தாளும் அனுப்பியிருந்தார்கள். உப்பின் அளவு, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. பெட்ரோலைத் தேடும் சோதனை ஒன்றுகூட இல்லை.

அந்தத் தாளில் இரண்டு பிழைகள். தேட வேண்டியதைத் தேடவில்லை என்பது ஒன்று. அது எல்லோருக்கும் புரியும். தேட வேண்டிய மாதத்தில் தேடவில்லை என்பது இன்னொன்று. இது எனக்கே அன்று புரியவில்லை. பெட்ரோல் கலந்த நிலத்தடி நீரை ஒரே ஒரு பாட்டிலைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த இடம், எந்த ஆழம், எந்த மாதம் என்ற மூன்றும் தெரியாமல் எடுத்த தண்ணீர் வெறும் தண்ணீர்தான். ஏன் என்பதைத் தொட்டியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

கணக்கில் மறையும் கசிவு

பங்கில் நம் கண்ணுக்குத் தெரிவது பம்பு மட்டும். சரக்கு இருப்பது காலடியில், புதைத்து வைத்த தொட்டிகளில். காலையில் ஊழியர் தொட்டியின் மூடியைத் திறந்து டிப் ராடு எனும் நீண்ட அளவுகோலை உள்ளே இறக்குவார். எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்று பார்த்து, அட்டவணையில் அதற்குரிய லிட்டரைத் தேடி எழுதுவார். கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவியும் இறக்குவார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் பசையின் நிறம் மாறிவிடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தொட்டியைவிட உயரமாக ஏறிவிட்டால், ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே அடியில் தேங்கும் தண்ணீரும் ஓட்டைக்கு ஒரு சாட்சி.

நேற்றைய இருப்பு, அதோடு லாரியில் வந்த லோடு, அதிலிருந்து விற்றதைக் கழித்தால் இன்றைய இருப்பு. இவ்வளவு எளிய கணக்கில் கசிவு எப்படி மறைகிறது? பெட்ரோல் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 20,000 லிட்டர் தொட்டியில் அது சுமார் 19 லிட்டர். இப்போது ஓட்டையிலிருந்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வையுங்கள். இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால் நாளைக்கு நான்கு லிட்டர் சொச்சம். பத்தொன்பது லிட்டர் தானாகவே ஏறி இறங்கும் கணக்கில் நான்கு லிட்டரை யார் கண்டார்கள்? ஆண்டு முடிவில் மட்டும் 1,500 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கும்.

எல்லாப் பழியையும் தொட்டியின் மேல் போடுவதும் நியாயமில்லை. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் இணைப்புகள், லாரியிலிருந்து எரிபொருளை இறக்கும் வாய், அங்கே சிந்துவது, நிரம்பி வழிவது எல்லாமே வழிகள்தான். பூச்சோ மின்வழிப் பாதுகாப்போ இல்லாத பழைய எஃகுத் தொட்டிகள் ஈர மண்ணில் துருப்பிடித்து ஓட்டையாவது மிகப் பழைய கதை. அமெரிக்காவில் 1980களில் இது நாடு தழுவிய சிக்கலாக வெடித்தது. 1984இல் அந்நாட்டுக் காங்கிரஸ் புதைத்த தொட்டிகளுக்கெனச் சட்டம் இயற்றியது. பழைய தொட்டிகளைச் சீர்படுத்த அல்லது தோண்டியெடுக்க 1998 டிசம்பர் வரை கெடு கொடுத்தார்கள். 1984இலிருந்து அங்கே உறுதி செய்யப்பட்ட கசிவுகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில்தான் புதிய பங்குகள் பள்ளிகள், மருத்துவமனைகள், குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற பொது விதியை வகுத்தது.

மண்ணுக்குள் போன பெட்ரோல்

கசிந்த பெட்ரோல் முதலில் நேர் கீழே இறங்கும். போகிற வழியில் மண் துகள்களுக்கு இடையே கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிவிடும். சாம்பாரில் ஊறிய வடையை எவ்வளவு பிழிந்தாலும் கொஞ்சம் சாம்பார் உள்ளேயே இருக்குமே, அதுபோல. சிறிய கசிவாக இருந்தால் முழுவதும் இப்படியே மண்ணில் தங்கி, நிலத்தடி நீரைத் தொடாமலே போகலாம். பெரிய கசிவு நீர்மட்டம் வரை இறங்கும். பெட்ரோலின் எடை அதே அளவு தண்ணீரின் எடையில் முக்கால் பங்குதான் என்பதால் அங்கே மிதக்கும்.

மிதப்பது என்றதும் ரசத்தின் மேல் நெய் மிதப்பதைப்போல நினைத்துவிடக் கூடாது. மண்ணுக்குள் ஏரி கிடையாது. மணலின் இடுக்குகளைத் தண்ணீரும் காற்றும் பெட்ரோலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆகவே கிணற்றுக்குள் ஒரு சாண் கனத்துக்குப் பெட்ரோல் நின்றால், வெளியே மண்ணிலும் ஒரு சாண் பெட்ரோல் பரந்து கிடக்கிறது என்று பொருளில்லை. பெரும்பாலும் கிணறு மிகைப்படுத்தியே காட்டும்.

மிதப்பது கண்ணுக்குத் தெரியும். மண்ணில் தங்கியதைத் தோண்டினால் தெரியும். ஆவியாகி மேலே வருவது சாக்கடைக் குழாய், நிலவறை, மின்கம்பிக் குழி என்று புகுந்து சேரும். ஒரு தீப்பொறி போதும். அதனால் புகார் வந்ததும் கிணற்றுக்கு முன்பாகப் பள்ளங்களையும் நிலவறைகளையும் சோதிப்பதுதான் முறை. நான்காவதாக ஒன்று கண்ணுக்கும் தெரியாது, பல நேரம் மூக்குக்கும் தெரியாது. அதுதான் தண்ணீரில் கரைந்த பகுதி.

பெட்ரோல் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களின் கலவை. அதில் பென்சீன் தண்ணீரில் ஓரளவு கரையும். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானது. இந்தியாவில் இப்போது விற்கும் பெட்ரோலில் அது ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் பத்துப் பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு சதவீதம் பென்சீன் என்றால் சுமார் 8.8 கிராம். அது முழுவதும் கரைந்தால் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எழுபதுக்கு மேல் வரிசையாக நிற்பதை நினைத்துப் பாருங்கள். அத்தனைக்கும் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல். நடப்பில் எல்லாம் கரையாது. ஆவியாவதும் நுண்ணுயிர்கள் தின்பதும் போக மீதிதான். ஆனாலும் விகிதம் புரிகிறதல்லவா?

மூக்கை நம்ப முடியாததும் இதனால்தான். இந்த எல்லையைப்போலப் பல மடங்கு பென்சீன் சேர்ந்த பிறகே தண்ணீரில் அதன் வாடை தெரியும். வீடுகளில் வைத்திருக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். கருவியைக் காட்டி "சார், நூற்றைம்பதுதான் காட்டுகிறது, நல்ல தண்ணீர்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது உப்பைப் பார்க்கும் கருவி. பெட்ரோல் அதற்குத் தெரியவே தெரியாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். கொதிக்கும்போது பென்சீன் தண்ணீரை விட்டு உங்கள் சமையலறைக் காற்றுக்கு வரும், அவ்வளவுதான்.

துளை போடுவதில் ஒரு கவனம்

ஆய்வு தொடங்குவது பேச்சில்தான். பங்கு எந்த ஆண்டு வந்தது, தொட்டி எப்போது மாற்றப்பட்டது, பக்கத்தில் மெக்கானிக் கடை உண்டா, ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே வைக்கிறார்கள், எவர் வீட்டில் முதலில் வாடை வந்தது. டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கிடைக்கும் செய்தி சில நேரம் எந்தக் கருவியிலும் கிடைக்காது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு மூடிய பங்கு ஒன்று இப்போது துணிக்கடையாக நிற்பதை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். பழைய கசிவா புதிய கசிவா என்பதற்குச் சில நேரம் வேதியியலே சாட்சி சொல்லும். இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. மண்ணில் பெட்ரோலோடு ஈயச் சேர்மமும் இருந்தால் கசிவு அதற்கு முந்தையது.

பிறகு துளை. நம் ஊரில் துளை என்றாலே ரிக் வண்டி, கம்ப்ரஸர், அறுநூறு அடி என்றுதான் மனம் போகும். இந்த வேலைக்கு அது இரண்டு வகையில் ஆகாது. கம்ப்ரஸர் காற்று மண்ணிலுள்ள ஆவியை ஊதித் தள்ளிவிடும். தேடி வந்ததையே விரட்டிவிட்டு எதைச் சோதிப்பது? அதைவிடப் பெரிய ஆபத்து, மேலே இருக்கும் அழுக்கு நீருக்கும் ஆழத்தில் இருக்கும் நல்ல நீருக்கும் நடுவில் நாமே ஒரு வழி வெட்டிக் கொடுப்பது. ஆகவே திருகுத் துளைப்பானைக் கொண்டு மெதுவாக, நீர்மட்டத்தைக் கடந்து சில மீட்டர் மட்டும் இறங்குவார்கள். அடிக்கு அடி வெளியே வரும் மண்ணைப் பையில் போட்டுக் கட்டி, சிறிது நேரம் கழித்து உள்ளே சேர்ந்த ஆவியைக் கைக்கருவியால் அளப்பார்கள். எந்த ஆழத்தில் எண் எகிறுகிறதோ அந்த மண் ஆய்வகத்துக்குப் போகும்.

துளையில் இறக்கும் பி.வி.சி. குழாயில் ஒரு பகுதிக்கு மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்கும். தண்ணீர் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். இங்கேதான் முக்காலே மூன்று வீசம் பிழைகளும் நடக்கின்றன. கீறல்கள் நீர்மட்டத்தின் மேலும் கீழுமாக இருக்க வேண்டும். அவை முழுவதும் நீருக்குள் மூழ்கிவிட்டால் மேலே மிதக்கும் பெட்ரோல் கிணற்றுக்குள் நுழையவே முடியாது. கிணறு சுத்தமாகத் தெரியும். ஒரு கை அளவு மேலே பெட்ரோல் மிதந்துகொண்டிருக்கும். கீறல்களைச் சுற்றிச் சலித்த மணல், அதற்கு மேலே பென்டனைட் களிமண் அடைப்பு, வாயில் சிமென்ட். மேலிருந்து மழைநீர் குழாயோரமாக வழிந்து உள்ளே போகக் கூடாது.

இந்தக் கிணற்றிலிருந்து முதல் முறையாக நீர் எடுப்பதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். தெளிவான பிளாஸ்டிக் குழாய், அடியில் ஒரு சின்னக் குண்டு அடைப்பு. கயிற்றில் கட்டி மெதுவாக இறக்க வேண்டும். தண்ணீரில் தொப்பென்று போடக் கூடாது, படலம் கலங்கிவிடும். பாதி மூழ்கியதும் நிறுத்தி, மேலே இழுத்து, வெயிலுக்கு எதிராகப் பிடிப்பார்கள். கீழே வெறும் தண்ணீர். மேலே மங்கிய தேன் நிறத்தில் ஒரு பட்டை. இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு. அதைப் பார்த்த பிறகு யாரும் பேசமாட்டார்கள்.

மூன்று கிணறு, ஒரு அம்புக்குறி

ஒரு கிணற்றில் பெட்ரோல் இருப்பது தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, அது எந்தப் பக்கம் போகிறது? இதற்குக் குறைந்தது மூன்று கிணறு வேண்டும், அவை ஒரே நேர்கோட்டிலும் இருக்கக் கூடாது. நிலத்தடி நீரும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகிறது. ஆனால் தரையின் மேடு பள்ளம் வேறு, நீரின் மேடு பள்ளம் வேறு.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்று கிணற்றின் வாயிலிருந்து தண்ணீர் இருக்கும் ஆழத்தை அளக்கிறோம். முதல் கிணற்றில் 4.10 மீட்டர், இரண்டாவதில் 4.60, மூன்றாவதில் 3.95. இரண்டாவதில்தான் தண்ணீர் மிக ஆழத்தில் இருக்கிறது, ஆகவே நீர் அந்தப் பக்கம் போகிறது என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கிணற்று வாய்களின் உயரத்தை நில அளவைக் கருவியால் அளந்தால் முறையே 10.00, 10.65, 9.70 மீட்டர். கழித்தால் நீரின் உயரம் 5.90, 6.05, 5.75. கதை தலைகீழாகிவிட்டது. ஆழத்தில் இருப்பதாகத் தோன்றிய இரண்டாவது கிணற்றில்தான் நீர் மேடு. நீர் அங்கிருந்து மூன்றாவது கிணற்றுப் பக்கம் இறங்குகிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நட்ட நடுவில் நீரின் உயரம் 5.90 என்று கொள்ளலாம். அந்தப் புள்ளியையும் முதல் கிணற்றையும் கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, மூன்றாவது கிணறு இருக்கும் பக்கம் வரைவதுதான் அம்புக்குறி.

இதில் ஒரு கண்ணி உண்டு. மிதக்கும் பெட்ரோல் தன் எடையால் தண்ணீரைக் கீழே அழுத்தும். 40 சென்டிமீட்டர் பெட்ரோல் நின்றால் தண்ணீர் சுமார் 30 சென்டிமீட்டர் தாழ்ந்து தெரியும். அதைத் திருத்தாமல் வரைந்தால் அம்புக்குறி கசிவை நோக்கியே திரும்பிக்கொள்ளும்.

வேகத்தையும் மதிப்பிடலாம். மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தால் நாளைக்கு 10 மீட்டர் நீர் கடத்தும் மணல், ஆனால் இங்கே ஆயிரம் மீட்டருக்கு மூன்று மீட்டர்தான் சரிவு, மண்ணில் முப்பது சதவீதம் இடுக்கு என்றால், நீர் நாளைக்குப் பத்து சென்டிமீட்டர் நகரும். அரைச் சாண்கூட இல்லை. ஆண்டுக்கு 36 மீட்டர். பென்சீன் அதைவிடப் பின்தங்கியே வரும். கொஞ்சம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சத்தை நுண்ணுயிர்கள் தின்னும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995இல் கலிபோர்னியாவின் கசிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான பென்சீன் தடங்கள், அதாவது நீரோடு பென்சீன் பரவிய பகுதிகள், சில நூறு அடிக்குள் நின்றுவிட்டிருந்தன.

இவ்வளவும் மணலுக்கு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை. அங்கே நீர் போவது வெடிப்புகள் வழியாக. பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்கும். தெருமுனைக் கிணற்றில் வாடை அடிக்கும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறையிலோ கரைந்து குடைந்த பொந்துகள் வழியாக நீர் விரைந்து ஓடும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைப்படி இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013இல் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அங்கே கசிந்தது தொட்டியில்லை, தரைக்கடிக் குழாய். மண்ணுக்குள் போன பிறகு இரண்டும் ஒன்றுதான்.

நம் ஊர்களுக்கே உரிய இன்னொரு தலைவலி, வீட்டுக்கு ஒரு போர்வெல். காலை ஆறு மணிக்குத் தெருவில் பத்து மோட்டார்கள் ஓடும்போது இருக்கும் நீர்மட்டமும், மதியம் மூன்று மணிக்கு இருக்கும் நீர்மட்டமும் ஒன்றில்லை. வேகமாக இறைக்கும் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல்போலக் குழியும். இயற்கையான அம்புக்குறி எந்தத் திசையில் இருந்தாலும், அருகில் இருப்பது எல்லாம் அந்தக் குழியை நோக்கித் திரும்பும். ஆகவே அளக்கும்போது யார் மோட்டார் ஓடியது என்பதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இதை எழுதாத அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

பாட்டிலும் குமிழியும்

ஆய்வகத்துக்குப் போகும் தண்ணீரை மாடித் தொட்டிக் குழாயில் பிடித்தால் வேலை கெட்டது. மோட்டார் இறைத்து, உயரத்திலிருந்து கொட்டி, வெயிலில் நின்ற தண்ணீரில் ஆவியாகக் கூடியதெல்லாம் ஆவியாகியிருக்கும். கிணற்றில் தேங்கிய பழைய நீரை முதலில் வெளியேற்றிவிட்டு, புதிதாக ஊறி வரும் நீரை எடுக்க வேண்டும். பாத்திரம் 40 மில்லி லிட்டர் கண்ணாடிக் குப்பி. உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்யாதிருக்க இரண்டொரு சொட்டு அமிலம். ஓரத்தில் வழியவிட்டு, வாய்க்கு மேல் நீர் குமிழ்ந்து நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்ட வேண்டும். உள்ளே ஒரு குமிழி எழுந்தால் அந்தக் குப்பி கழிவு. பென்சீன் அந்தக் குமிழிக்குள் புகுந்துகொள்ளும். நான் முதல் நாளில் ஐந்து குப்பியை வீணாக்கினேன்.

ஐஸ் பெட்டியில் அந்தக் குப்பிகளோடு, ஆய்வகத்திலேயே தூய நீர் நிரப்பி மூடிய குப்பி ஒன்றும் திறக்கப்படாமல் போய்த் திரும்பும். அதிலும் பென்சீன் வந்துவிட்டால் வழியில் ஏதோ கலந்திருக்கிறது. காரின் டிக்கியில் பெட்ரோல் கேன் இருந்ததால் முழு நாள் வேலை பாழான கதைகள் உண்டு. யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்ற கையெழுத்துத் தாளும் கூடவே போகும். நாளை வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

ஆய்வகம் எதைத் தேட வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய பாடம் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம். ஈயத்தை எடுத்த பிறகு பெட்ரோலின் திறனைக் கூட்டவும், பின்னாளில் புகையைக் குறைக்கவும் எம்.டி.பி.இ. என்ற பொருளைக் கலந்தார்கள். காற்றுக்கு நல்லது செய்த அது, நீருக்கு வில்லனானது. பென்சீனைவிடப் பன்மடங்கு கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்கள் எளிதில் தின்னாது. நீர் போகிற வேகத்திலேயே போகும். 1995இல் சான்டா மோனிகாவின் குடிநீர்க் கிணறுகளில் அது தெரிந்தது. மறு ஆண்டே கிணற்றுத் தொகுதிகளை மூட வேண்டியதாயிற்று. நகரம் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியை இழந்து வெளியிலிருந்து விலைக்கு வாங்கியது. சுத்திகரிப்பு நிலையம் கட்டி அந்தக் கிணறுகளை மீட்கச் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆயின. கலிபோர்னியா 2004 தொடக்கத்திலிருந்து பெட்ரோலில் அந்தப் பொருளைத் தடை செய்தது. பென்சீனை மட்டும் தேடி, தடம் இதோ இங்கே நின்றுவிட்டது என்று வரைந்த வரைபடங்கள் எத்தனை பொய்யாகியிருக்கும்!

இப்போது நம் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரில் முழுதாகக் கலக்கும். நுண்ணுயிர்களுக்கும் அது விருந்து. பந்தியில் பாயசம் முதலில் வந்தால் சோற்றை யார் தொடுவார்கள்? அவை எத்தனாலைத் தின்று அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, பென்சீன் தீண்டப்படாமல் இன்னும் தூரம் போகும். பழைய தடங்களின் நீளத்தை வைத்துப் புதிய கசிவுகளை அளக்க முடியாது.

சுத்தம் செய்யும் முறைகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும்: மிதப்பதை உறிஞ்சுவது, மண்ணின் ஆவியை இழுப்பது, நீரை இறைத்துக் கரி வழியாகச் செலுத்துவது, காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்ப்பது என்று பல உண்டு. கசிவை நிறுத்தாமல் செய்யும் எதுவும் வீண் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சித்திரையும் தை மாதமும்

அந்த உறைகிணற்றுக்குத் திரும்புவோம். தை மாதத்தில் வாடை ஏன் இல்லை? கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, மேலே மிதக்கும் பெட்ரோலும் கூடவே இறங்கும். இறங்கும் வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டே போகும். மழை பெய்து நீர் ஏறும்போது அந்தப் பெட்ரோல் முழுவதும் மிதந்து மேலே வந்துவிடாது. பெரும்பகுதி துளித்துளியாக மண் இடுக்குகளில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் மூழ்கிக் கிடக்கும். கிணற்றில் மிதக்கும் படலம் மறைந்துவிடும். ஊரார் மழை கழுவிவிட்டது என்பார்கள். மறுபடி நீர் இறங்கும்போது மாட்டிய துளிகள் விடுபட்டுச் சேர்ந்து, படலம் திரும்பி வரும். நம் பகுதியில் சித்திரைக்கும் மார்கழிக்கும் நடுவில் நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்குவதால் இந்த ஏமாற்று இன்னும் பெரிது. மழை முடிந்த பின் ஒன்று, கோடையின் உச்சத்தில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்க்காத ஆய்வு பாதி ஆய்வு.

நாங்கள் தையில் எடுத்த குப்பிகளில் வாடை இல்லை, பென்சீன் இருந்தது, எல்லைக்கு மேல். அந்த வாரமே மூன்று கண்காணிப்புக் கிணறு போட்டோம். அம்புக்குறி கிழக்கே குளத்தைப் பார்த்து நின்றது. கிழக்கே இருந்த ஏழு வீடுகளின் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தோம்.

வைகாசியில் திரும்பப் போனபோது மூத்த பொறியாளர் குழாயை மேலே இழுத்துக் காட்டினார். இரண்டு விரற்கடை கனத்துக்குத் தேன் நிறப் பட்டை. நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது குறிப்பேட்டில் இருந்தது. மூன்று உயரங்களையும் கழித்து, பெட்ரோல் எடைக்குத் திருத்தி, கோடு வரைந்தால் அம்புக்குறி தெற்கே திரும்பியிருந்தது. தவறு என்று நினைத்து மறுபடி அளந்தோம். அதே விடை.

தெற்கே வீடுகள் இல்லை. எங்கள் பட்டியலிலும் ஒன்றும் இல்லை. அறுபது மீட்டர் தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. முகூர்த்த மாதம் என்பதால் அதன் போர்வெல் மூன்று வாரமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்ததாக வாட்ச்மேன் சொன்னார். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனோம். உள்ளே மேளச் சத்தம். சமையற்கட்டில் மோட்டார்க் குழாயிலிருந்து ஒரு பெரிய அண்டாவுக்குத் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.